டிவி சேனலில் டிரெய்னி ரிப்போர்ட்டர், வடசென்னை பீட்: முதல் சில மாசத்துல எதைக் கத்துக்கணும்?

யாழினி, தண்டையார்பேட்டை:

வணக்கம். தம்பி விஸ்காம் முடிச்சிட்டான். ஒரு தமிழ் நியூஸ் சேனல்ல டிரெய்னி ரிப்போர்ட்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வீடு தண்டையார்பேட்டைங்கறதால காசிமேடு தொடங்கி எண்ணூர் வரைக்கும், இந்தப் பக்கம் வியாசர்பாடி, புழல் எல்லாமே அவன் பீட்ல, அதாவது அவன் செய்தி சேகரிக்கற ஏரியாவுல வருமாம். காலேஜ்ல கேமரா பிடிக்கவும் எடிட் பண்ணவும் சொல்லிக்கொடுத்தாங்க. ஸ்பாட்ல போய் இறங்கினதும் யாருக்கு என்ன அனுப்பணும், லைவ்ல நிக்கும்போது என்னென்ன சொதப்பும், எந்த ஆபீஸ்ல எதைக் கேக்கணும், இதெல்லாம் யாரும் சொல்லல.

கூடவே ரெண்டு விஷயம். அவனுக்கு நியூஸ் ரீடர் ஆகணும்னு ஆசை. ஆனா 'ழ' வராது, பேச்சுல நம்ம ஏரியா வாடை அடிக்கும். ஆஃபர் லெட்டர்ல 'ஆலோசகர்'னு போட்டிருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்? "ஆர்வம் இருந்தா போதும்" ரகப் பதில் வேணாம். இந்த லைன்ல இருக்கறவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

இன்புட் மேசை:

முதல்ல ஆபீஸ் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கட்டும். நியூஸ் ரூம்ல இன்புட், அவுட்புட்னு ரெண்டு பக்கம். ரிப்போர்ட்டர், ஸ்டிரிங்கர் (செய்திக்கு இவ்வளவுன்னு வாங்கற வெளி நிருபர்), கேமராமேன் எல்லாரும் இன்புட். யாரை எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்றது அசைன்மென்ட் டெஸ்க். வந்த சரக்கை எழுதி, வெட்டி, ரன்டவுன்ல (எதுக்கு அப்புறம் எதுங்கற செய்தி வரிசை) அடுக்கி ஏத்தறது அவுட்புட். தம்பி ஸ்பாட்ல இருந்து போடற முதல் மெசேஜ் அசைன்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்ல விழும். அடுத்த ரெண்டு நிமிஷத்துல அதை ஒருத்தர் அப்படியே பிரேக்கிங்கா அடிச்சிருவார். திரும்ப போன் போட்டு விசாரிக்க அங்க யாருக்கும் நேரம் கிடையாது. அதனால அந்த நாலு வரிதான் இந்த வேலையில பாதி.

அதுல இருக்க வேண்டியது: எங்க (தெரு, பகுதி, எந்த ஸ்டேஷன் எல்லை), எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, யார் சொன்னது, படம் எப்ப வரும். "எண்ணூர் ஆலையில் பயங்கர தீ, 3 பேர் பலி?"ன்னு கேள்விக்குறி போட்டு அனுப்பறது வேலைக்கு ஆகாது. டெஸ்க்ல கேள்விக்குறி உதிர்ந்துடும், பலி மட்டும் நிக்கும். "மணலி விரைவுச் சாலையில் ரசாயனக் கிடங்கில் தீ. காலை 6.40-க்கு அழைப்பு வந்ததாகத் தீயணைப்புத் துறை தகவல். 3 வண்டிகள் இடத்தில் உள்ளன. உயிரிழப்பு குறித்து அதிகாரபூர்வத் தகவல் இல்லை. விஷுவல் 10 நிமிடத்தில்." இப்படி வந்தா டெஸ்க் கண்ணை மூடிட்டு ஏத்தலாம்.

பலி எண்ணிக்கை டாக்டர், போலீஸ், கலெக்டர் இந்த மூணு பேர்ல ஒருத்தர் வாயால வரணும். ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னது துப்பு, எண்ணிக்கை ஆகாது. குறைவா போட்டா பிறகு ஏத்திக்கலாம். கூடுதலா போட்டுட்டா இறக்கறதுக்கு வழியே இல்ல, ஒரு வீட்டுல அதுக்குள்ள ஒப்பாரி வச்சிருப்பாங்க.

அதிகாரி சொன்னாலும் "அவர் சொன்னார்"ங்கறதைக் கழட்டக் கூடாது. 2017 ஜனவரி 28 விடியக்காலம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் ரெண்டு கப்பலும் மோதிச்சு. எண்ணெய்க் கசிவு, சூழல் பாதிப்பு இல்லைன்னுதான் துறைமுகத் தரப்புல முதல்ல சொன்னாங்க. அப்புறம் எர்ணாவூர் கரையில வாளி வாளியா கருப்புக் குழம்பை அள்ளினதை ஊரே பார்த்துச்சு. முதல் நாள் "கசிவு இல்லை"ன்னு சேனலே சொன்ன மாதிரி போட்டவங்களுக்கும், "கசிவு இல்லை என்கிறது துறைமுக நிர்வாகம்"னு போட்டவங்களுக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான்.

கிரைம்ல வார்த்தை முக்கியம். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா 'விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்', கைது ஆகிடாது. தீர்ப்பு வர்ற வரைக்கும் 'குற்றம் சாட்டப்பட்டவர்'. எஃப்ஐஆர் நகல் கையில வந்தா பிரிவு எண்ணையும் நேரத்தையும் அதுல பார்த்தே எழுதணும். பாலியல் வழக்குல பாதிக்கப்பட்டவங்க அடையாளம் வெளிய வந்தா பாரதிய நியாய சன்ஹிதா 72-ம் பிரிவுல 2 வருஷம் வரைக்கும் சிறை. குழந்தைன்னா போக்சோ 23-ம் பிரிவு, ரிப்போர்ட்டரோட சேனலும் சேர்ந்து மாட்டும். முகத்தை பிளர் பண்ணிட்டோமேன்னு நிம்மதியா இருக்கக் கூடாது. ஸ்கூல் பேர், தெரு, அம்மா முகம், அம்மா குரல், வீட்டு வாசல் ஷாட் இதுல ஒண்ணு போதும், அந்தத் தெருக்காரங்களுக்குத் தெரிஞ்சிடும்.

பேக்கேஜுக்கு (எடிட் பண்ணி முடிச்ச முழு ஸ்டோரி) ஒரு கணக்கு. 90 விநாடி ஸ்டோரின்னா 12 விநாடி பைட் (ஒருத்தர் மைக்ல பேசறது) ரெண்டு, 12 விநாடி பிடிசி (ரிப்போர்ட்டர் கேமராவைப் பார்த்துப் பேசறது) ஒண்ணு. மீதி 54 விநாடி. தமிழ்ல நிதானமா படிச்சா நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 சொல்தான். அப்ப வாய்ஸ் ஓவருக்கு (படத்து மேல படிக்கற குரல்) 90-லேர்ந்து 100 சொல்தான் இடம். புதுசா வர்றவங்க 200 எழுதிட்டு வருவாங்க. எடிட்டர் முதல்ல வெட்டறது பிடிசியை, அதாவது தம்பி முகத்தை. என்ன ஷாட் இருக்குன்னு முதல்ல பட்டியல் போட்டுட்டு, படத்துல தெரியாததை மட்டும் எழுதட்டும். தண்ணி நிக்கறது திரையில தெரியும்போது "தண்ணீர் தேங்கியுள்ளது"ன்னு ஒரு வரி எதுக்கு? எத்தனை மணி நேரமா நிக்குது, மோட்டார் ஏன் ஓடல, அதைச் சொல்லணும்.

பைட் எடுக்கும்போது ரெக்கார்டிங் ஓடறப்பவே பேர், இனிஷியல், பதவி சொல்லச் சொல்லணும். கீழ வர்ற பேர்ப்பட்டை தப்பாப் போறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இதைக் கேக்காததுதான். அவர் பேசும்போது "ஆமா", "ம்" போடாம இருக்கணும். முடிச்சதும் ரெண்டு விநாடி மைக்கை எடுக்காம நிக்கணும். இல்லன்னா எடிட்டருக்குக் கடைசி எழுத்து கிடைக்காது.

முக்காலி:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா மெசேஜ் டைப் பண்றதுக்கு முன்ன ஒரு வைடு ஷாட்டைத் தட்டிரணும். போனைப் படுக்க வச்சு, ஆடாம, பத்து விநாடி. புகை அடங்கிரும், வண்டி நகர்ந்துரும், போலீஸ் கயிறு கட்டிரும். எழுத்தைப் பத்து நிமிஷம் கழிச்சுக்கூட எழுதலாம், அந்த ஷாட் திரும்பி வராது. கேமராமேன் வந்து சேர்றதுக்குள்ள எடுத்த போன் விஷுவல்தான் பல நேரம் நாள் முழுக்க ஓடும்.

லைவ்வுக்கு வருவோம் தங்கச்சி. இப்பல்லாம் முக்கால்வாசி லைவ் பேக்தான். வேற வேற கம்பெனி சிம் நாலஞ்சு போட்ட பை, எல்லா நெட்வொர்க்கையும் சேர்த்து ஒரே படமா அனுப்பும். ஒண்ணுலேர்ந்து மூணு விநாடி லேட் ஆகும். ஓபி வேன் (நேரலை அனுப்பற வண்டி) சாட்டிலைட்ல போகும், போய் வர கால் விநாடிதான், ஆனா அது குயூ பேண்டுங்கற அலைவரிசைங்கறதால மழை சாத்துச்சுன்னா சிக்னல் படுத்துரும். புயல்னா பையை நம்பு. ஆனா கரென்ட் போய் டவர் பேட்டரி தீர்ற வரைக்கும்தான் அதுவும். அதுக்கு மேல ஃபோனோ, அதாவது போன்ல குரல் மட்டும். கட்சிக் கூட்டம், ஓட்டு எண்ணிக்கை மாதிரி இடத்துல சிக்னல் கம்பி முழுசாக் காட்டும், படம் கட்டம் கட்டமா உடையும், ஏன்னா அத்தனை பேரும் போன்ல இருக்கான். முந்நூறு நானூறு மீட்டர் தள்ளிப் போ, இல்ல மாடி ஏறு.

புதுப் பசங்க எல்லாரும் திக்கற இடம் ஒண்ணு இருக்கு. காதுல மாட்டற இயர்பீஸ்ல தன்னோட குரலே ரெண்டு விநாடி கழிச்சு வரும். நாக்கு குழறிடும், போதையில பேசற மாதிரி இருக்கும். லைவ் போறதுக்கு முன்னயே பிசிஆருக்கு (ஸ்டுடியோ கன்ட்ரோல் ரூம்) "என் வாய்ஸ் ரிட்டர்ன் வருது, எடுத்துடுங்க"ன்னு சொல்லணும். அவங்க எடுக்கலைன்னா பேசும்போது இயர்பீஸைக் கழட்டிட்டு, கேள்வி வரும்போது மாட்டிக்கணும். பக்கத்துல போன்ல நம்ம சேனலை ஓட விடவே கூடாது. ஆங்கர் கேள்வியை முடிச்சதும் அது நம்ம காதுக்கு வர்ற வரைக்கும் லென்ஸைப் பார்த்து அமைதியா நிக்கணும். "ஹலோ கேக்குதா, ஹலோ"ன்னு கத்தறது, மூக்கைத் தொடறது எல்லாம் அந்த மூணு விநாடியிலதான் நடக்கும், அது ஏர்ல இருக்கும். வாயைத் திறந்ததும் "நீங்கள் சொன்னது போல"ன்னு ஆரம்பிக்காம, கடைசியா என்ன ஆச்சோ அதைச் சொல்லணும். மூணு தகவல், முக்கால் நிமிஷம், முடிச்சிரு. அஞ்சாவது தடவை லைவ் கேப்பாங்க, அதுக்கும் ஏதாவது மிச்சம் வேணும்.

காசிமேட்டுக்குன்னு தனியா சொல்றேன். நம்ம கடல் கிழக்கால இருக்கு. காலையில கடலை முதுகுல வச்சு பிடிசி கொடுத்தா சூரியன் பின்னால, முகம் கரிக்கட்டை. காலையில தம்பி முகம் கிழக்கால பார்த்து நிக்கணும், பின்னணியில ஏலக்கூடம் வரட்டும். படகு பின்னால வேணும்னா மதியத்துக்கு மேல எடு. காத்துக்கு மைக்ல முடி வச்ச உறை இல்லாம போகாத. வெறும் பஞ்சு மாட்டினா தடதடன்னு அடிக்கும், எடிட்ல எடுக்கவே முடியாது. ஏலம் விடியறதுக்கு முன்ன. அங்க ஒரு பக்கம் மஞ்ச லைட்டு, ஒரு பக்கம் வெள்ளை எல்இடி, ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விட்டா மீன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கலர் காட்டும். கையால வச்சுப் பூட்டிரு. தரை பூரா ஐஸ் தண்ணியும் செதிலும், கேன்வாஸ் ஷூ போட்டா விழுவான். வந்ததும் எக்ஸ்எல்ஆர் முனை (மைக் கேபிள் முனை), முக்காலிப் பூட்டு எல்லாத்தையும் லேசா ஈரத்துணியால துடைச்சு, பிறகு காஞ்ச துணி. உப்பு உள்ள போச்சுன்னா ஒரு மாசத்துல ஆடியோ கரகரக்கும்.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு போகாது, நாட்டுப்படகு, கட்டுமரம் போகும். அந்த நேரத்துல "மீன் விலை எகிறியது"ன்னு ஸ்டோரி போட்டு, போன வருஷம் விசைப்படகுல கூடை கூடையா இறங்கின பழைய விஷுவலை ஓட்டுவாங்க. 'கோப்புக் காட்சி'ன்னு போடலைன்னா காசிமேட்டுல அடுத்த நாள் மைக் நீட்ட முடியாது. கழுவி ஊத்திருவாங்க.

கொசஸ்தலைக்கரை:

பீட் பற்றி. வடசென்னையில் ஒவ்வொரு துறைக்கும் எல்லை வேறு வேறு. இதைத் தெரியாமல் தவறான அதிகாரியைத் துரத்தியே அரை நாள் போகும். மாநகராட்சியின் 15 மண்டலங்களில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகியவை முதல் ஆறு. ஆனால் எண்ணூர், மணலி காவல் நிலையங்கள் 2022 முதல் ஆவடி ஆணையரகத்தில் இருக்கின்றன. வேப்பேரியில் இருக்கும் சென்னை ஆணையர் அலுவலகத்தில் கேட்டால் பதில் வராது. காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டால் அது திருவள்ளூர் மாவட்டம், கலெக்டரே வேறு. வடசென்னை நாடாளுமன்றத் தொகுதி என்றால் அதில் வரும் சட்டமன்றத் தொகுதிகள் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். இந்த நான்கு வரைபடங்களையும் ஒரே தாளில் கைப்பட வரைந்து வைத்துக்கொண்டால் போதும்.

பெரிய விபத்து என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுபோவார்கள், அங்கே தனிப் பிரிவு உண்டு. ஆகவே ஸ்டான்லியில் மட்டும் எண்ணினால் கணக்கு குறையும். மருத்துவமனையில் புறக்காவல் நிலையப் பதிவேடு, உறைவிட மருத்துவ அலுவலர், டீன், இந்த வரிசையில் கேட்கலாம். வார்டுக்குள் கேமரா வேண்டாம்.

மழைக்காலம்தான் இந்த பீட்டின் பரீட்சை. அதிகம் சறுக்குவது எண்களில். ஏரியின் இருப்பு 'மில்லியன் கன அடி', திறந்துவிடும் அளவு 'விநாடிக்கு இத்தனை கன அடி'. இரண்டையும் குழப்பி "500 மில்லியன் கன அடி திறப்பு" என்று ஓடவிட்டால் மணலியில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு டிஎம்சி என்பது 1,000 மில்லியன் கன அடி. அது ஒரே நாளில் வெளியேற விநாடிக்கு ஏறக்குறைய 11,574 கன அடி வீதம் ஓட வேண்டும். சொல்லும் எண் நடக்கக்கூடியதா என்று இதை வைத்து உடனே பார்த்துவிடலாம். புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உயரம் 21.20 அடி. உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. மதகு திறந்த செய்தி வந்ததும் ஏரிக்கரையில் நிற்பதைவிட சடையங்குப்பம் போய் நிற்பது புத்திசாலித்தனம். வீடுகளுக்குள் தண்ணீர் வருவது அங்கேதான்.

கன மழை, மிக கன மழை, அதி கன மழை என்பவை அலங்காரச் சொற்கள் இல்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கன மழை, 115.6-லிருந்து மிக கன மழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கன மழை. நாள் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மாலையில் வந்த அளவை "இன்று பெய்த மழை" என்று போட்டால் மறுநாள் எண் ஒத்துப்போகாது.

ரசாயனக் கசிவு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது நினைவிருக்கும். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியது. அமோனியா என்றால் என்-95 முகக்கவசம் பயன்படாது, அது தூசியைத்தான் தடுக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கொடியையோ புகையையோ பார்த்து, குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கத்துக்குப் போக வேண்டும். கண் எரிகிறதென்றால் அது நிற்கிற இடம் இல்லை. ஈரத்துணி சிறிது நேரத்துக்கு உதவும், ஏனென்றால் அமோனியா நீரில் கரையும். அதை நம்பி லைவ் கொடுக்க நிற்கக் கூடாது.

இன்னொன்று, இது என் எரிச்சல். மயிலாப்பூரில் கொலை நடந்தால் "மயிலாப்பூரில் கொலை" என்கிறார்கள். வியாசர்பாடியில் நடந்தால் "வடசென்னையில் பயங்கரம்". வியாசர்பாடி என்றே எழுதச் சொல்லுங்கள். டெஸ்க் மாற்றினாலும் ஸ்கிரிப்ட்டில் அவன் எழுதியது சரியாக இருக்கட்டும்.

யாழினி, தண்டையார்பேட்டை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அந்தத் தாள்ல எல்லை வரையற வேலையை இன்னிக்கே ஆரம்பிச்சிட்டான். உச்சரிப்பும் ஆஃபர் லெட்டரும் மட்டும் பாக்கி இருக்கு.

வாசிப்பறை:

யாழினி, உச்சரிப்பு பழகினால் வந்துவிடும், பயப்பட வேண்டாம். 'ல' சொல்ல நாக்கு நுனி மேல்பல் வேரைத் தொடும். 'ள'வுக்கு நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு அதே போல வளையும், ஆனால் எங்கும் தொடாது. நம் பக்கத்தில் 'ழ' பெரும்பாலும் 'ய' ஆகிவிடும், 'வாயப்பயம்' என்று வரும். அதற்குக் காரணம் நாக்கு வளையாமல் தட்டையாகவே கிடப்பது. கண்ணாடி முன்னால் வாயை அகலமாகத் திறந்து 'அழ, இழ, உழ' என்று மெதுவாகச் சொல்லிப் பழகட்டும். தாடை அசையக் கூடாது, நாக்கு மட்டும் அசைய வேண்டும். பிறகு 'ழ'வும் 'ள'வும் அடுத்தடுத்து வரும் சொற்கள்: தொழிலாளர், வாழ்நாள், வேளாண் தொழில். தினமும் பத்து நிமிடம் நாளிதழ்ச் செய்தியைச் சத்தமாகப் படித்து, போனில் பதிவு செய்து, மறுநாள் கேட்கட்டும். அன்றே கேட்டால் காது தப்பை விட்டுவிடும்.

ர, ற, ந, ண, ன எல்லாம் அதற்கு அடுத்தது. நேயர்கள் உடனே பிடிப்பது 'ழ'வையும் எண்களையும்தான். 'எழுநூறு', 'தொண்ணூறு', 'தொள்ளாயிரம்' மூன்றும் பிசகாமல் வர வேண்டும். பிராம்ப்டரில் (வாசிக்க வேண்டியது ஓடும் திரை) எண்களை எழுத்தாலேயே அடித்து வைப்பது நல்லது. ஒரு வாக்கியம் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் மூச்சு நடுவில் முறியும், அங்கேதான் குரல் தொங்கும்.

பேச்சு வழக்கைத் துடைத்துப்போட வேண்டியதில்லை. ஸ்டுடியோவுக்கு ஒன்று, காசிமேட்டுக்கு ஒன்று. மீனவர் ஒருவரிடம் செய்தித் தமிழில் கேள்வி கேட்டால் அவரும் விறைத்துப்போய் மேடைப் பேச்சு பேசுவார், பைட் வீண். நேரடியாக ரீடர் சீட்டுக்குப் போனவர்களைவிட, களத்தில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு வருபவர்கள்தான் பிராம்ப்டர் காலியாகும்போது தடுமாறுவதில்லை. பெரிய செய்தி வெடிக்கும் நாளில் பிராம்ப்டர் எப்போதும் காலிதான். காலை புல்லட்டின் ஷிப்ட் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே தொடங்கும். அந்த நேரத்தில் குரல் திறக்க வெந்நீரும் கால் மணி நேரப் பேச்சும் தேவை.

இன்புட் மேசை:

ஆஃபர் லெட்டர் விஷயம். 'ஆலோசகர்'னா பெரும்பாலும் அவன் ஊழியர் கணக்குல வரமாட்டான். மாசாமாசம் 10% வரி பிடிச்சிட்டு மீதியைக் கொடுப்பாங்க. பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி இருக்காது. பிடிச்ச வரி அதிகம்னா ரிட்டர்ன் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கலாம், பலபேர் பண்றதே இல்ல. ஊழியரா எடுத்தா பிஎஃப் ரெண்டு பக்கமும் 12%, மாசச் சம்பளம் 21,000-க்குள்ளன்னா இஎஸ்ஐ. கையில வர்ற தொகை ஆலோசகருக்குக் கொஞ்சம் கூடுதலாத் தெரியும், அதை மட்டும் பார்த்து முடிவு பண்ண வேணாம்.

கையெழுத்துக்கு முன்ன மெயில்ல கேக்க வேண்டியது: பயிற்சிக் காலம் எத்தனை மாசம், முடிஞ்சா ஊழியரா மாத்துவாங்களா, வேலையை விட எத்தனை நாள் நோட்டீஸ், பாண்ட் (இத்தனை காலம் விட மாட்டேன்னு எழுதிக் கொடுக்கறது) உண்டா, பெட்ரோலும் போன் டேட்டாவும் யார் கணக்கு, ஸ்பாட்ல அடிபட்டா விபத்துக் காப்பீடு இருக்கா. எண்ணூர், மணலி பீட்டுக்குக் கடைசிக் கேள்வி கட்டாயம். வாய்வார்த்தையா "பார்த்துக்கலாம்பா"ன்னு சொன்னா, "நீங்க சொன்னபடி"ன்னு ஆரம்பிச்சு அதையே ஒரு மெயிலா அனுப்பி வச்சிருக்கணும்.

சேனல் ஐடி கார்டும் அரசு அங்கீகார அட்டையும் வேற வேற. அரசு அட்டை செய்தி மக்கள் தொடர்புத் துறை கொடுக்கறது, சேர்ந்த உடனே கிடைக்காது, சேனல் வழியாத்தான் விண்ணப்பிக்கணும். அதுக்கு வேலைக்குச் சேர்ந்த தேதியும் அனுபவமும் காட்டணும். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், ஒவ்வொரு மாசச் சம்பளச் சீட்டு எல்லாத்தையும் முதல் மாசத்துலேர்ந்தே எடுத்து வைக்கச் சொல்லுங்க. சேனல் மாறும்போது பழைய இடத்துல அனுபவச் சான்று கேட்டு வாங்கறதுக்குள்ள ஆறு மாசம் ஓடிடும்.